கரையிலே கிடக்கும் படகு

ஆற்றங்கரை ஊருக்குப் படகு அவசியம் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்தப் படகு வருஷம் முழுவதும் ஆற்றிலா இருக்கிறது? கொள்ளிடத்தைப் போன்ற ஆற்றில் கோடைக்காலத்தில் மணலைத்தான் காணலாம். தண்ணீரைக் காண மணலைத் தோண்ட வேண்டும். ஆகையால் படகு ஊருக்குள்ளே ஒரு கொட்டகையிலோ புன்னை மரத்தடியிலோ சயனித்திருக்கிறது. மேட்டூரில் மதகு திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான், அதை ஆற்றுக்கு எப்படிக் கொண்டு போவது என்ற கேள்வி பிறக்கிறது. படகு வாங்கிய அன்று இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை.

2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, கடற்கரை மீனவர்கள் 600-க்கு மேற்பட்ட படகுகளுடன் உதவிக்குப் புறப்பட்டார்கள். திருவனந்தபுரம், கொல்லம் கரைகளிலிருந்து அந்தப் படகுகள் லாரியில் ஏறித்தான் செங்கன்னூர் போய்ச் சேர்ந்தன. கடலில் எவ்வளவு வேகமாய்ப் பாயும் படகானாலும் செங்கன்னூருக்குத் தரைவழியாகத்தான் போக வேண்டியிருந்தது! 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது, மயிலாடுதுறை ஜில்லாவில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு முதலிய கிராமங்களை வெள்ளம் சூழ்ந்து கொண்டது. அங்கும் ஜனங்களைக் கரை சேர்த்தவை படகுகளே. ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய ஆற்றங்கரை மீது லாரி ஏறாது என்பதை, கொள்ளிடக் கரையைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நமது ஊர் வாலிபர்கள் சேர்ந்து ஒரு பழைய படகு வாங்கினார்கள். 14 அடி நீளம்; கண்ணாடி இழையால் ஆனது; எடை சுமார் 150 கிலோ. பின்னால் மாட்டும் சிறிய மோட்டார் சுமார் 40 கிலோ. தூக்கிப் பார்த்ததில், வரப்பும் பள்ளமும் தாண்டி அரை மைல் கொண்டு போகப் பன்னிரண்டு பேர் வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேர் கிடைப்பது ஒரு பெரிய காரியமா என்று நேயர்கள் கேட்கலாம். கல்யாணத்தன்று கிடைப்பார்கள். வெள்ளம் வரும் இரவில் அந்தப் பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டு நெல்லையும் கிழவிகளையும் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஆகவே, நாலு பேர் தள்ளினால் நகரும்படி படகுக்கு ஒரு வண்டி செய்வதென்று தீர்மானமாயிற்று.

வண்டி என்றால் பிரமாதமான யந்திரமல்ல. இரும்புக் குழாய்களை முக்கோணமாய்ச் சேர்த்து ஒரு சட்டம். ஆட்டோ ரிக்ஷாவின் சக்கரங்கள் இரண்டு. முன்னால் இழுப்பதற்கு ஓர் ஏர்க்கால். இவ்வளவுதான். பற்றவைக்கும் பட்டறைக்காரர் சட்டத்தின் நட்ட நடுவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, "அச்சு இங்கே" என்றார். பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வயோதிக வண்டிக்காரர் ஒருவர் மெதுவாய் எட்டிப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, இது பின்பாரமால்ல போவும்? நுகம் மேலே தூக்கும், மாட்டுக்குக் கழுத்து இறுகும்" என்றார்.

கலாசாலையில் நாம் படித்த நெம்புகோல் தத்துவம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. படகின் மோட்டார் கடைசி முனையில் தொங்குகிறது. பெட்ரோல் தொட்டியும் அதன் அருகிலேயே இருக்கிறது. ஆகையால் படகின் பாரம் நடுவில் இல்லை, பின்னால் தள்ளி இருக்கிறது. அச்சும் அதற்கும் பின்னால் போக வேண்டும். மோட்டாரால் இழுக்கும் வண்டியில் இது இன்னும் ஆபத்தான விஷயம். பின்பாரமான வண்டி வேகம் எடுத்தவுடன் பாம்பைப் போல் இடமும் வலமும் நெளியத் தொடங்கும். சில சமயம் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். முன்பாரம் மிகுந்தாலோ மாட்டின் கழுத்து தேயும், மனிதர்களின் இடுப்பு ஒடியும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று அதிகம், ஏர்க்காலின் நுனியில் இறங்க வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு.

இதைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. மோட்டாரையும் பெட்ரோலையும் ஏற்றிய படகின் அடியில் ஓர் உருளைக் குழாயை வைத்து, எந்த இடத்தில் இரு பக்கமும் சாயாமல் நிற்கிறதென்று பாருங்கள். அதுதான் பாரம் குவியும் இடம். ஏர்க்கால் நுனியிலிருந்து அச்சுக்குப் பத்தடி தூரமானால், அச்சு அந்த இடத்துக்கு ஓர் அடி பின்னால் வர வேண்டும். படகும் வண்டியும் சேர்ந்து 300 கிலோ என்றால் நுனியில் 30 கிலோ இறங்கும். வண்டியின் சொந்த எடையும் கொஞ்சம் முன்பின்னாய் இழுக்குமாதலால், அச்சை உடனே பற்றவைத்துவிடாமல் வளைவு போல்ட்டுகளால் பிடித்து வைப்பது நலம். டாக்டர் சொன்னதற்காக வீட்டில் வாங்கி வைத்துப் பிறகு யாரும் ஏறாமல் கிடக்கும் எடைபார்க்கும் பலகை ஒன்று இருக்குமே, அதை நுனியின் கீழே வைத்து, முள் சரியான இடத்தில் நிற்கும் வரையில் அச்சை நகர்த்திக்கொள்ளலாம்.

படகு உட்காரும் இடத்தில் நீளவாட்டில் இரண்டு மரக்கட்டைகள் வேண்டும். குறுக்குக் கட்டைகளில் வைத்தால், வண்டி குலுங்கும்போது எல்லாப் பாரமும் இரண்டே இடத்தில் இடித்து அடிப்பக்கம் விரிசல் காணும். மோட்டார் தொங்கும் பின்பலகைக்கு நேர் கீழே கட்டையின் முனை வந்தே தீர வேண்டும். அங்கே ஆதாரமில்லாவிட்டால் மோட்டாரின் கனமே படகின் முதுகை வளைத்துவிடும். கட்டைகளின் மேல் பழைய டயர் டியூபை வெட்டி ஆணி தலைகாட்டாமல் போர்த்துவது போதும். கம்பளம் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எலியைப் பற்றி யோசித்ததாய்த் தெரியவில்லை.

சக்கரத்தின் குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வண்டியின் பின்னால் வெகுதூரம் ஓடி வந்த சக்கரத்தில் குடம் சுடும். சுடச்சுடத் தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, வெளித்தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த செம்பைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்தால் ஆற ஆறத் தண்ணீர் ஏறுவதைக் குழந்தைகளுக்குச் செய்து காட்டலாம். அப்படிப் புகுந்த தண்ணீர் பேரிங்கைத் துருவாக்கிவிடும். ஆகையால் குடம் ஆறின பிறகே இறக்க வேண்டும். கையால் தள்ளும் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. வருஷம் ஒரு முறை பழைய மசகைத் துடைத்துப் புதிது அடைத்தால் சரி.

டிராக்டரில் மாட்டி இழுத்தால் என்ன என்று வாலிபர்கள் கேட்டார்கள். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், மோட்டாரால் இழுக்கப்படும் வண்டியையும் மோட்டார் வாகனமாகவே பாவிக்கிறது. அதைப் பதிவு செய்யாமல் பொதுச் சாலையில் கொண்டு போக முடியாது. வீட்டில் செய்த வண்டிக்கு அனுமதி வேண்டுவோர் இரும்பு வாங்கும் முன்பே அந்த ஆபீஸுக்குப் போய் விசாரித்துவிடுவது புத்திசாலித்தனம். இந்த அரை மைலுக்கு நாலு பேரோ ஒரு ஜோடி மாடோ போதுமென்று நமது வண்டியை அதற்குத் தகுந்தபடியே முடித்தோம்.

கரையிலிருந்து தண்ணீர் வரையில் உள்ள மணல்தான் கடைசி எதிரி. டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால் சக்கரம் அகன்று, மணலில் அவ்வளவாய்ப் புதையாது. அதற்கும் அடங்காத இடத்தில் பிளந்த பனைமரத் துண்டுகளைப் போட்டு உருட்டலாம். ஆனால் திரும்பும்போது காற்றடிக்க ஒரு கைப்பம்பை மறக்கலாகாது.

சென்ற ஆடி பிறக்குமுன் ஒரு நாள் மாலை ஒத்திகை நடந்தது. மரத்தடியிலிருந்து நாலு பேர் தள்ளிக்கொண்டு போய், இருபத்தைந்து நிமிஷத்தில் படகை நீரில் மிதக்க விட்டார்கள். வண்டிக்காரரும் கூடவே நடந்து வந்து, ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெட்ரோலை யார் வாங்கி வைப்பது என்பதைப் பற்றி மட்டும் வாலிபர் சபை இன்னும் கூடி முடிவு செய்யவில்லை.