ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், மூணு வருடக் கணக்கைக் காட்டுங்க

பங்குச்சந்தை 'குரு'க்களைப் பின்பற்றலாமா? வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. மாதக் கூட்டத்தில் ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் எல்லாம் பேசி முடித்து டீ குடிக்கிற நேரத்தில் யாராவது ஒருத்தர் ஓரமாகக் கூப்பிடுவார். "சார், பையன் ஆப்ஷன் கிளாஸுக்குப் போறேங்கறானுங்க. இருபதாயிரம் கேக்கறாங்களாமா. கட்டலாமுங்களா?"

இயற்கை வேளாண் இதழில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். போகிற பணம் நம் வெள்ளாமைப் பணம், அதனால்தான் எழுதுகிறேன். கணபதியிலிருந்து சத்தி ரோட்டில் சரவணம்பட்டி, கோவில்பாளையம் தாண்டி அன்னூர் வரை போனால் தெரியும். காடு விற்ற பணம் சில வீடுகளில் இருக்கிறது. பால் பணம், மஞ்சள் பணம், நகைக்கடன் வாங்கிய பணம் பல வீடுகளில் இருக்கிறது. கையில் போன் இல்லாத இளவட்டம் ஒருத்தரும் இல்லை. இந்த மூன்றும் சேர்கிற இடத்தைத்தான் அந்தக் குருக்கள் தேடுகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பங்கு வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நம்ம ஊர் எல்.எம்.டபிள்யூ. மாதிரி ஒரு கம்பெனி மெஷின் செய்து விற்கிறது. லாபம் வந்தால் பங்கு வைத்திருப்பவருக்கு டிவிடெண்ட் வருகிறது, கம்பெனி வளர்ந்தால் பங்கின் மதிப்பும் வளரலாம். அதிலும் நஷ்டம் வரும், ஆனால் பின்னால் ஒரு உற்பத்தி இருக்கிறது. குருக்கள் பெரும்பாலும் சொல்லித் தருவது இதை அல்ல. எஃப் அண்ட் ஓ என்று சொல்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தை. ஈரோட்டு மஞ்சள் வியாபாரி தன் குடோனில் இருக்கும் சரக்குக்கு விலை இறங்கிவிடுமோ என்று பயந்து முன்கூட்டியே விலையைக் கட்டிக்கொள்கிறாரே, அதற்காக உண்டான ஏற்பாடு இது. கையில் சரக்கே இல்லாதவர் இன்றைக்கு நிஃப்டி ஏறுமா இறங்குமா என்று பணம் வைத்தால், அவர் ஜெயிக்கிற ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் தோற்ற ரூபாய்தான். அதற்கு மேல் புரோக்கர் கமிஷன், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், வரி என்று இரண்டு பக்கமும் கழியும். ஆக, விளையாடுகிற எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது நஷ்டம்தான்.

இது என் சொந்தக் கருத்து இல்லீங்க. சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்கள் 1 கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்கு சுமார் 2 லட்சம் ரூபாய். எல்லோருக்கும் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருத்தர்தான். 2025 ஜூலையில் வந்த அடுத்த கணக்கும் மாறவில்லை: 2024-25இல் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், தொகை 1.05 லட்சம் கோடி.

அந்தப் பணம் எங்கே போனது? 2023-24இல் தனிநபர்களும் மற்ற சிறு கணக்குகளும், செலவைச் சேர்க்காமலே, இழந்தது சுமார் 61,000 கோடி. அதே வருடம் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் பெரிய நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தன. கூட்டிப் பாருங்க, 61,000 வரும். அந்த லாபத்தில் ஏறக்குறைய முழுவதையும் சம்பாதித்தது கம்ப்யூட்டர் புரோகிராம்கள். தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து போனைத் தட்டுகிற நம் பையனுக்கு எதிரில் நிற்பது அந்த மெஷின்தான். இருபதாயிரம் ரூபாய் வகுப்பு அந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது.

ஊர் அறிந்த உதாரணங்கள்

'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் முகமது நசிருதீன் அன்சாரி என்பவர் பயிற்சி நடத்தினார். 2023 அக்டோபரில் செபி போட்ட இடைக்கால உத்தரவு, அவரும் சம்பந்தப்பட்டவர்களும் வசூலித்த 17.2 கோடி ரூபாயை முடக்கியது. அந்த உத்தரவில் உள்ள இன்னொரு தகவலைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய சொந்த டிரேடிங்கில் 2.89 கோடி ரூபாய் நஷ்டம். வெளியே காட்டியதோ லாபம் வந்த நாட்களின் படங்களை மட்டும்.

நம் தமிழ்நாட்டில் யூடியூபில் பெரிய பெயர் எடுத்தவர் பி.ஆர். சுந்தர். பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை சேவை நடத்தினார் என்ற புகாரில் அவரும், அவருடைய நிறுவனமும், அதன் இன்னொரு இயக்குநரும் 2023 மே மாதம் செபியுடன் சமரசத் தீர்வுக்கு வந்தார்கள். குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இந்த மாதிரித் தீர்வுகளில் அதுதான் வழக்கம். வட்டியோடு சுமார் 6 கோடி ரூபாயைத் திருப்பிக் கட்டவும், ஒரு வருடம் சந்தையில் வாங்காமல் விற்காமல் இருக்கவும் சம்மதித்தார்கள். புகார் பதிவு இல்லாதது பற்றியது, மோசடி பற்றியது இல்லை. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் பணம் கட்டிய எத்தனை பேர் 'இவருக்குப் பதிவு இருக்கிறதா' என்று முன்னாலேயே பார்த்திருப்பார்கள்?

நம்ம கொங்கு மண்ணுக்கு இது புதுசும் இல்லை. திருப்பூர் பாசி ஃபோரக்ஸ் கம்பெனி, அந்நியச் செலாவணி டிரேடிங்கில் லாபம் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி 2008-09இல் சுமார் 930 கோடி வசூலித்தது. 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் அதன் இயக்குநர்களுக்கு 27 வருட சிறைத்தண்டனை விதித்தது. பணம் போட்டவர்கள் அதுவரை 13 வருடம் அலைந்திருந்தார்கள். 2012இல் பெருந்துறை ஈமு கோழி கதையும் உங்களுக்குத் தெரியும். நடிகர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். இத்தனை கோழிக்குக் கறி வாங்குகிறவர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

குரு எதற்குச் சொல்லித் தருகிறார்?

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தந்தார். அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் மூடாக்குப் போடுகிற விதத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குச் சொன்னால் என் வெள்ளாமை ஒரு படி குறையாது. ஊரே போட்டால் எல்லார் கிணற்றுக்கும் நல்லது. விவசாய அறிவு பகிர்ந்தால் பெருகும்.

ஆப்ஷன் டிரேடிங்கில் இதற்கு நேர்மாறு. நிச்சயமாக லாபம் தரும் ஒரு வழி என்னிடம் இருந்தால், அதைப் பத்தாயிரம் பேருக்குச் சொன்ன மறுநாளே எல்லோரும் ஒரே விலையில் வாங்க ஓடுவார்கள். அந்த லாபம் காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட வழி வைத்திருப்பவர் வாயைத் திறக்க மாட்டார். திறக்கிறார் என்றால், அவருடைய வருமானம் சந்தையிலிருந்து வருகிறதா, நம் கட்டணத்திலிருந்து வருகிறதா என்று யோசிக்க வேண்டும். ஆளுக்கு 20,000 வீதம் 100 பேர் என்றால் ஒரு வகுப்புக்கு 20 லட்சம். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த இருபது லட்சத்துக்குச் சேதாரமே கிடையாது.

"அவர் சொன்னது பத்து வாரம் தொடர்ந்து பலிச்சுதுங்க" என்பார்கள். ஒரு கணக்குப் போடுங்க. 1,024 பேர் இருக்கிற இடத்தில் பாதிப் பேருக்கு 'ஏறும்', பாதிப் பேருக்கு 'இறங்கும்' என்று அனுப்புகிறேன். பலித்த 512 பேருக்கு மட்டும் அடுத்த வாரம் மறுபடி பாதிப் பாதி. அப்புறம் 256, 128, 64... பத்தாவது வாரம் ஒரே ஒருத்தர் மிஞ்சுவார். அவருக்கு நான் பத்து வாரமும் தப்பாமல் சொன்ன மகான். யாரும் ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. ஆயிரம் பேர் குருட்டாம்போக்கில் சொன்னாலும் யாரோ ஒருவருக்குத் தொடர்ந்து பலிக்கும். நாம் யூடியூபில் பார்ப்பது அந்த ஒருவரைத்தான். மீதி ஆயிரம் பேர் வீடியோ போடுவதில்லை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்வி

ஒன்று, பதிவு எண் என்ன? காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகர் எண் 'ஐ.என்.ஏ.' என்றும், ஆராய்ச்சியாளர் எண் 'ஐ.என்.ஹெச்.' என்றும் தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். பதிவு இருப்பதாலேயே லாபம் வரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் பதிவு இல்லையென்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். "நான் ஆலோசனை சொல்லலீங்க, பாடம் மட்டும்தான் நடத்தறேன்" என்பவர் அன்றைய விலையைக் காட்டி 'இதை வாங்கு' என்று சொன்னால் அது பாடம் இல்லை.

இரண்டு, மூன்று வருடத்து முழுக்கணக்கு எங்கே? வங்கியில் கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் ஒரு நாள் விற்பனைச் சீட்டைப் பார்த்துக் கடன் கொடுக்க மாட்டோம். வருமான வரிக் கணக்கும் வங்கிக் கணக்கும் கேட்போம். அதேதான் இங்கேயும். எல்லா டிரேடிங் கணக்குகளின் வருடாந்திர லாப நஷ்ட அறிக்கை, தாக்கல் செய்த வரிக்கணக்கு. போன் ஸ்கிரீன்ஷாட் சாட்சி ஆகாது. நாலு கணக்கில் நாலு விதமாகப் பணம் வைத்து, ஜெயித்த ஒன்றை மட்டும் காட்டலாம்.

மூன்று, நான் கணக்குத் திறந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? 'இந்த லிங்க்கில் கணக்குத் திறங்க' என்பதற்குப் பின்னால் பல இடங்களில் கமிஷன் இருக்கிறது. நாம் அதிகமாக வாங்கி விற்றால் கமிஷனும் அதிகமாகும்.

நான்கு, எவ்வளவு போகலாம்? லாபத்தைச் சொல்லும்போதே நஷ்டத்தையும் ரூபாயில் சொல்பவரிடம் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

ஐந்து, பணம் யார் கையில்? நம் பணத்தையோ, பாஸ்வேர்டையோ, ஓ.டி.பி.யையோ இன்னொருவரிடம் கொடுக்கவே கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புகிற டிரேடிங் ஆப்பை இறக்கவும் கூடாது. ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் போன பணத்தை வழியிலேயே நிறுத்திப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த ஐந்துக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிற ஆப்ஷன் குரு ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. சேமிப்பு, மியூச்சுவல் ஃபண்ட் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் செபியின் முதலீட்டாளர் இணையதளமும் 'சாரதி' செயலியும் காசில்லாமலே இருக்கின்றன.

"விவசாயம் மட்டும் சூதாட்டம் இல்லீங்களா?"

இளைஞர்கள் திருப்பிக் கேட்கிற இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தக்காளி ஒரு மாதம் நல்ல விலை போகிறது, அடுத்த மாதம் பறிகூலிக்குக் கட்டாமல் காட்டிலேயே விடுகிறோம். உண்மைதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வெள்ளாமையில் நஷ்டத்தைக் குறைக்க நம் கையில் வழிகள் உண்டு: பல பயிர், மாடு, சொந்த விதை, இடுபொருள் செலவைக் குறைப்பது, நேரடி விற்பனை. விலை தோற்ற வருடத்திலும் மண்ணில் போட்ட தழைச்சத்து மண்ணிலேயே கிடக்கும். ஆப்ஷன் தேதி முடிந்தால் கையில் ஒன்றும் கிடையாது.

இருந்தாலும் அந்தப் பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தோட்டத்து வருமானம் போதவில்லை என்பதால்தான் அவன் போனைப் பார்க்கிறான். நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேல் அதற்கப்புறமும் டிரேடிங்கை விடவில்லை என்கிறது அதே செபி ஆய்வு. விட்டதைப் பிடிக்கப் பயிர்க்கடனும் நகைக்கடனும் அங்கே போக ஆரம்பித்தால் அடுத்து போவது நிலம். வீட்டில் யாராவது இதில் மாட்டியிருந்தால் முதல் வேலையாகக் கணக்கை எடுத்து மேஜையில் வையுங்கள். கோபப்படாமல், மூன்று பேராக உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். கூட்டிப் பார்க்கும் வரைதான் அடுத்த வாரம் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கசக்கும். நம் பக்கமும் 'ஏக்கருக்குப் பத்து லட்சம்' என்று போஸ்டர் அடித்து, கட்டணம் வாங்கிப் பயிற்சி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்விகள்தான். மூன்று வருட வரவு செலவு எங்கே? வருமானம் நிலத்திலிருந்தா, பயிற்சியிலிருந்தா, நாற்று விற்பனையிலிருந்தா? பி.ஜி.எஸ். சான்றில் நாம் என்ன செய்கிறோம்? குழுவில் இருக்கிற உழவர்கள் ஒருவர் தோட்டத்துக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுகிறோம். அந்தப் பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கிறது. பணத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

என் யோசனை இதுதான். ஒவ்வொரு வட்டாரக் குழுவும் அடுத்த மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கட்டும். யாராவது பயிற்சி வகுப்பு நோட்டீஸ் வைத்திருந்தால் கொண்டுவரட்டும். ஐந்து கேள்விகளையும் அந்த நோட்டீஸில் இருக்கிற நம்பருக்குக் கூட்டத்திலிருந்தே, ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். பையன்களையும் பொண்ணுகளையும் கூடவே உட்கார வையுங்கள். என்ன பதில் வந்தது என்பதை இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.