அராஜகம் யாருடையது?

2019 டிசம்பர் 6 அன்று விடியுமுன், ஐதராபாத் – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஷாத்நகரை அடுத்த சட்டான்பள்ளியில், காவலில் இருந்த நான்கு பேரை சைபராபாத் காவல்துறை சுட்டுக் கொன்றது. இளம் கால்நடை மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்து எரித்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அவர்கள். பொழுது விடிந்ததும் நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் மக்கள் திரண்டனர். காவலர்கள் மீது மலர் தூவினர், அவர்களைத் தோளில் தூக்கிக் கொண்டாடினர், இனிப்பு வழங்கினர். பெண்கள் காவலர்களின் கையில் ராக்கி கட்டினர்.

அரசமைப்புச் சட்டத்தை வடித்த அம்பேத்கர் மறைந்த நாள் டிசம்பர் 6. அந்தச் சட்டத்தைக் காலில் போட்டு மிதித்து அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளும் அதுவே. சட்டான்பள்ளியையும் அந்த நாளோடு சேர்த்தே நாம் நினைவுகூர வேண்டும். மசூதியின் மேல் ஏறி நின்ற கும்பலுக்கும் பாலத்தின் மேல் நின்று பூத் தூவிய மக்களுக்கும் வேறுபாடு உண்டு. முன்னதைத் திரட்டியது வகுப்புவெறி. பின்னதைத் திரட்டியது பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டு எழுந்த நியாயமான கோபம். ஆனால் நியாயமான கோபமும் அதிகார வர்க்கத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டான்பள்ளி சாட்சி.

இதே ஐதராபாத் நாட்டுக்கு வேறொரு முகத்தையும் காட்டியிருக்கிறது. 1978 மார்ச் இறுதியில், இரவுக் காட்சி சினிமா பார்த்துவிட்டுக் கணவருடன் திரும்பிக்கொண்டிருந்த ரமீசா பீ என்ற ஏழை முஸ்லிம் பெண், நல்லகுண்டா காவல் நிலையத்தில் காவலர்களால் வன்புணர்வுக்கு ஆளானார். அவருடைய கணவர், ரிக்‌ஷாத் தொழிலாளி அகமது உசேன், காவலர்களின் அடியில் உயிரிழந்தார். மக்கள் அவரது உடலைச் சுமந்துவந்து காவல் நிலையத்தின் முன்னேயே வைத்து நீதி கேட்டனர். அரசு துப்பாக்கிச் சூட்டாலும் ஊரடங்காலும் பதில் சொன்னது, எழுச்சி அடங்கவில்லை. விசாரணை நடத்திய நீதிபதி முக்தாதர் ஆணையம் காவலர்களின் குற்றத்தை உறுதிசெய்தது. வழக்கு கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கு மாற்றப்பட்டு, 1981இல் அவர்கள் விடுதலையானார்கள் என்பது நம் நீதித்துறையின் மீது படிந்த கறை. எனினும் அந்த எழுச்சி வீண்போகவில்லை. மகாராஷ்டிரத்தின் மதுரா வழக்கைத் தொடர்ந்து எழுந்த பெண்கள் இயக்கத்தோடு அது சேர்ந்து, காவலில் நிகழும் வன்புணர்வைத் தனிக் குற்றமாக்கிய 1983ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கு வழிகோலியது.

1978இல் காவல் நிலையத்தின் வாசலில் நின்று நீதி கேட்ட நகரத்தில், 2019இல் காவலர்களின் துப்பாக்கிக்குப் பூமாரி பொழிந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நடந்தது என்ன? தோழர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

'மோதல்' என்ற பெயரில் கொல்வது ஆந்திர மண்ணில் நீண்ட காலமாகவே அரசின் வழிமுறையாக இருந்துவருகிறது. அவசரநிலைக் காலத்தில், 1975 ஜூலையில், மேடக் மாவட்டம் கிராயிபள்ளியில் நான்கு இளைஞர்கள் 'மோதலில்' இறந்ததாக அறிவிக்கப்பட்டது. பிடித்துவைக்கப்பட்ட நிலையில் அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்று தார்குண்டே குழு 1977இல் அம்பலப்படுத்தியது. நக்சல்பாரி என்ற முத்திரை குத்தப்பட்டால் விசாரணை தேவையில்லை என்ற வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. பின்னர் முத்திரை மாறியது, துப்பாக்கி மாறவில்லை. 2008 டிசம்பரில் வாரங்கலில் அமில வீச்சு வழக்கில் கைதான மூன்று இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போதும் பாராட்டு மழைதான். 2015 ஏப்ரல் 7 அன்று, வாரங்கல் சிறையிலிருந்து ஐதராபாத் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஐந்து முஸ்லிம் விசாரணைக் கைதிகள், ஆலேர் அருகே, கைவிலங்கோடு காவல் வண்டிக்குள்ளேயே கொல்லப்பட்டனர். அவர்கள் மீது குத்தப்பட்ட முத்திரை 'பயங்கரவாதிகள்'. தமிழக மக்கள் மறக்க முடியாத நாளும் அதுவே. அன்றுதான் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜவ்வாது மலையிலும் தருமபுரியிலும் இருந்து பிழைப்புக்காகச் சென்ற ஏழைகள் அவர்கள். அவர்களுக்குக் கிடைத்த முத்திரை 'செம்மரக் கடத்தல்காரர்கள்'.

முத்திரை குத்தும் இந்த வேலையில் அரசுக்கு வலது தீவிரவாதம் துணை நிற்கிறது. 2007 மே 18 அன்று ஐதராபாத் மெக்கா மசூதியில் குண்டு வெடித்து ஒன்பது பேர் மாண்டனர். அதைத் தொடர்ந்து காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் மேலும் ஐந்து பேர் உயிரிழந்தனர். பழைய நகரத்தின் முஸ்லிம் இளைஞர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளாயினர். பின்னாளில் விசாரணை இந்துத்துவ அமைப்புகளோடு தொடர்புடையவர்களை நோக்கித் திரும்பியது. 2018 ஏப்ரல் 16 அன்று போதிய சாட்சியம் இல்லை என்று அவர்களும் விடுவிக்கப்பட்டனர். குண்டுக்குப் பலியானவர்களுக்கும் நீதி இல்லை. காவல்துறையின் தோட்டாவுக்குப் பலியானவர்களுக்கும் நீதி இல்லை. 'முஸ்லிம் என்றால் பயங்கரவாதி' என்ற நஞ்சு மட்டும் பொதுப்புத்தியில் தங்கிவிட்டது. இப்படி ஒவ்வொரு முத்திரையும் அடுத்த தோட்டாவுக்கு மக்களின் சம்மதத்தைத் தயார் செய்தது. சட்டான்பள்ளியின் பூக்கள் ஒரே இரவில் பூத்தவை அல்ல.

அந்தப் பூமழை மறைத்தது எதை? மருத்துவரைக் காணவில்லை என்று அவருடைய குடும்பத்தினர் நள்ளிரவில் காவல் நிலையம் சென்றபோது, இது எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல என்று அலைக்கழிக்கப்பட்டனர். அதற்காகக் காவலர்கள் மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அந்த இரவின் பொறுப்பு யாருடையது என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த வேளையில்தான் நான்கு தோட்டாப் பிணங்கள் விழுந்தன. கேள்விக்கு உள்ளாகியிருந்த காவல்துறை ஒரே காலைப்பொழுதில் கதாநாயகனாகிவிட்டது.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. கைதிகள் ஆயுதத்தைப் பறித்துச் சுட்டார்கள் என்ற காவல்துறையின் கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்துடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என்று அது கூறியது. நால்வரில் மூவர் சிறார்கள் என்ற முடிவுக்கும் வந்தது. காவலர்கள் பத்துப் பேர் மீது கொலை வழக்கு விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது. பூத் தூவியபோது நேரலை செய்த தொலைக்காட்சிகளில் எத்தனை இந்த அறிக்கைக்கு அதே இடத்தைத் தந்தன?

வர்க்கத்தையும் கவனியுங்கள். கொல்லப்பட்டவர்கள் நாராயண்பேட்டை மாவட்டத்தின் எளிய குடும்பங்களைச் சேர்ந்த லாரித் தொழிலாளர்கள். அவர்கள் குற்றம் செய்தார்களா என்பதை நீதிமன்றம் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாய்ப்பு அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கும் மறுக்கப்பட்டது. அதே டிசம்பர் மாதத்தில்தான், உன்னாவ் சிறுமியைச் சிதைத்த வழக்கில், பாஜகவின் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்வு பெற்ற குல்தீப் சிங் செங்கார் குற்றவாளி என்று தில்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் காவலில் வதைபட்டு இறந்தது குற்றவாளி அல்லர். நீதி கேட்ட சிறுமியின் தந்தை. அதிகாரம் உள்ளவனுக்கு விசாரணை, வழக்குரைஞர், மேல்முறையீடு. ஏழைக்கு விடியற்காலைத் தோட்டா. 'உடனடி நீதி' என்பதன் உண்மைப் பொருள் இதுதான். புல்டோசரைத் தேர்தல் சின்னம்போல ஊர்வலம் விடும் ஆட்சியாளர்கள் அதையே வீடுகளின் மீது ஏற்றுகிறார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவரின் வீட்டை இடிப்பது சட்டவிரோதம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

காவல் கொடுமையை எதிர்த்து வீதிக்கு வருவோரை 'அராஜகவாதிகள்' என்று ஏசுவது ஆட்சியாளர்களின் வழக்கம். கைவிலங்கிட்ட கைதியை வண்டிக்குள் சுடுவதைவிட, நீதிமன்றத்தின் வேலையைத் துப்பாக்கி எடுத்துக்கொள்வதைவிடப் பெரிய அராஜகம் எது? சட்டத்தை உடைப்பவர்கள் சீருடையில் இருக்கிறார்கள். அதைக் காக்கச் சொல்பவர்கள் அராஜகவாதிகள் எனப்படுகிறார்கள்.

அராஜகவாதம் என்ற அரசியல் போக்கு வேறு. 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைக்கப்பட்டபோது அதில் பங்கேற்ற சென்னையைச் சேர்ந்த எம்.பி.டி. ஆச்சார்யா பின்னர் அப்போக்கைத் தழுவினார். கட்சி அமைப்பு, அரசதிகாரம் ஆகியவை பற்றி அப்போக்கோடு மார்க்சியர்களுக்கு அடிப்படையான கருத்து வேறுபாடு உண்டு. அது இன்றும் நீடிக்கிறது. ஆனால் காவல் வன்முறையையும் பாசிசத்தையும் எதிர்க்கும் களத்தில் அந்த வேறுபாடு எப்படிக் கையாளப்பட வேண்டும் என்பதற்குக் கிரேக்கத்தில் பாடம் இருக்கிறது. 2008இல், அதே டிசம்பர் 6 அன்று, ஏதென்ஸின் எக்சார்கியா பகுதியில் 15 வயதுச் சிறுவன் அலெக்சாண்ட்ரோஸ் கிரிகோரோபுலோஸைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அராஜகவாத இளைஞர்களும் மாணவர்களும் வாரக்கணக்கில் வீதியில் நின்றனர். சுட்ட காவலருக்கு 2010இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் நெருக்கடியைப் பயன்படுத்தி 'தங்க விடியல்' என்ற நவநாஜிக் கட்சி நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தது. வீதியின் சீற்றம் மட்டும் அதைத் தடுக்கப் போதவில்லை. 2013இல் அக்கட்சியினர் பாசிச எதிர்ப்புப் பாடகர் பாவ்லோஸ் ஃபிசாஸைக் கொன்ற பிறகு, ஐந்தரை ஆண்டுகள் நீடித்த வழக்கில், தாக்குண்ட எகிப்திய மீனவர்களும் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கத் தோழர்களும் சாட்சி சொன்னார்கள். 2020 அக்டோபர் 7 அன்று அது குற்றக் கும்பல் என்று தீர்ப்பு வந்தபோது, நீதிமன்றத்துக்கு வெளியே அராஜகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் உட்படப் பல்லாயிரம் பேர் திரண்டிருந்தனர். வீதியும் தொழிற்சங்கமும் நீதிமன்றமும் சேர்ந்தபோதுதான் பாசிசம் கூண்டில் ஏறியது.

“நீதிமன்றம் தாமதிக்கிறதே; அதுவரை பெண்கள் என்ன செய்வது?” என்று மக்கள் கேட்கிறார்கள். இது நேர்மையான கேள்வி. இதை இகழ்ந்து ஒதுக்கக் கூடாது. நம் விடை வாச்சாத்தியில் இருக்கிறது. 1992 ஜூன் மாதம் அந்த மலையடிவாரக் கிராமத்தில் 18 பழங்குடிப் பெண்களை வன்புணர்ந்தவர்கள் சீருடை அணிந்தவர்கள். உடனடி நீதிக்கு அங்கே யாரும் துப்பாக்கி ஏந்தி வரவில்லை. துப்பாக்கி குற்றவாளிகளிடம்தான் இருந்தது. செங்கொடி இயக்கமும் பழங்குடி மக்கள் சங்கமும் அந்தப் பெண்களோடு 19 ஆண்டுகள் நின்றன. 2011இல் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் தண்டிக்கப்பட்டனர்; 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 19 ஆண்டுகள் என்பது அநியாயமான தாமதம்; அதற்கு எதிராகவும் போராட வேண்டும். ஆனால் பெண்ணுக்கு எதிராகக் குற்றம் புரிந்த காவலரையே தண்டிக்க வைத்த பாதை இதுதான். பூத் தூவும் பாதையில் அது ஒருபோதும் நடக்காது.

ஐதராபாத்திலும் இந்தப் பாதை அழிந்துவிடவில்லை. அவசரநிலைக்குப் பின் கே.ஜி. கண்ணபிரான், கே. பாலகோபால் போன்றோர் ஒவ்வொரு மோதல் பிணத்துக்கும் கணக்குக் கேட்டனர். மோதல் மரணம் ஒவ்வொன்றிலும் வழக்குப் பதியப்பட வேண்டும், தற்காப்பு என்பது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று 2009இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்; உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2014இல் உச்ச நீதிமன்றமே சுதந்திரமான விசாரணைக்கு நெறிமுறைகள் வகுத்தது. சட்டான்பள்ளி நாளன்று, பூக்கள் வாடுமுன்னரே, பெண்ணுரிமைச் செயல்பாட்டாளர்கள் தெலங்கானா உயர் நீதிமன்றத்தை அணுகி, உடல்களைப் பாதுகாக்கும் உத்தரவைப் பெற்றனர். பெண்ணின் பெயரால் கொல்லாதே என்று அன்று சொன்னவர்கள் பெண்களே.

சாத்தான்குளமும் திருப்புவனமும் நம் கண்முன் இருக்கையில், இது அண்டை மாநிலத்துச் செய்தி அல்ல. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அது செயல்படுகிறதா என்று கேட்க வேண்டியவர்கள் நாம். ஒருவர் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டால், அவர் யார், எந்தக் கட்சி, என்ன குற்றச்சாட்டு என்று பாராமல், அன்றிரவே அங்கே போய் நிற்பது ஒவ்வொரு கிளையின் கடமையாகட்டும். பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைக்கு எதிராக முதல் குரலும் நம்முடையதாகவே இருக்கட்டும். கோபமுற்ற மக்களிடம் நாம் போகாவிட்டால், வேறொருவர் பூக்கூடையோடு போவார்.

நல்லகுண்டாவில் மக்கள் கேட்ட கேள்வியை மீண்டும் மக்களின் கேள்வியாக்குவோம்!