காடு திருத்தியவர் யார்?

1763ஆம் ஆண்டு உலகின் இரு மூலைகளில் நிலம் குறித்து இரு முடிவுகள் எடுக்கப்பட்டன. அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறலாகாது என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் அமெரிக்கக் குடிகளுக்கு ஆணையிட்டார். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். முந்தையதால் எழுந்த மனக்கசப்பு, வரிச்சுமையோடு சேர்ந்து 1775இல் புரட்சியாக வெடித்தது. பிந்தையதன் கதையை நாம் அதிகம் பேசுவதில்லை.

1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் சீரழிந்த இச்சீமைக்கு 1794இல் கலெக்டராக வந்தார் லயனல் பிளேஸ். அவர் விதித்த தீர்வையை ஏற்க மறுத்த பூந்தமல்லிப் பகுதி மிராசுதாரர்கள் ஊரைவிட்டே வெளியேறினர். அவர்கள் இடத்தில் வேறு குடிகளை அமர்த்தினார் பிளேஸ். மிராசு உரிமைக்குப் பின்னால் நின்றது ஒரு பழங்கதை: ஆதொண்டச் சோழன் குறும்பரை வென்று, காடு திருத்த வேளாளரைத் தொண்டைமண்டலத்தில் குடியேற்றினான் என்பது. குறளை மொழிபெயர்த்த எல்லிஸ் துரையும், 1818இல் வெளியான தம் மிராசு ஆய்வில் இக்கதைக்கு இடமளித்தார்.

அங்கே புரட்சி, இங்கே மனுக்கள். ஆயினும் இரு தரப்பின் வாதமும் ஒன்றே: காட்டைக் கழனியாக்கியவர் நாங்கள், அரசு யார் எங்களைத் தடுக்க? இவ்வாதத்தில் இடம்பெறாதவர்களைத்தான் நாம் தேட வேண்டும். அங்கே பூர்வகுடிகள். இங்கே, தோற்ற குறும்பரும், சேற்றில் இறங்கி உழைத்த பண்ணையாட்களும். வேளாளரைப் புகழ நமக்கு ஏரெழுபது உண்டு. திருக்கை வழக்கமும் உண்டு. பண்ணையாளின் நில உரிமையைப் பேச, 1891இல் ஓர் ஆங்கிலேயக் கலெக்டரின் அறிக்கை தேவைப்பட்டது.

செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து டிரெமென்ஹீர் எழுதிய அவ்வறிக்கையின் விளைவே, 1892இன் அரசாணையும் பஞ்சமி நிலங்களும். அந்நிலங்களும் கைமாறின. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அவற்றை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர்.

தமிழ் வகுப்பறைகளில் எல்லிஸைத் திராவிட மொழிக்குடும்பத்தைக் கண்டவராகப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் அவருடைய மிராசு ஆய்வையும் டிரெமென்ஹீரின் அறிக்கையையும் அருகருகே வைத்து நாம் படிப்பதில்லை. படித்தால், அரசுக்கும் மிராசுதாரருக்கும் நடந்த வழக்கில் ஒரு முறைகூடச் சாட்சிக்கு அழைக்கப்படாதவர் யார் என்பது நம் மாணவர்களுக்கு விளங்கும்.