கடவுச்சீட்டு யாருடையது?

வெளிநாடு சென்ற தேசிய அணியிலிருந்து ஒரு வீரர் விலகிச் சென்றுவிட்டால், மறுநாளே அவரைத் துரோகி என்று எழுதிவிடுவது எமது பத்திரிகைத் தொழிலின் பழைய வியாதி. "தலைமறைவு", "தப்பியோட்டம்" என்று தலைப்பிடுகிறோம். கொலைக் குற்றவாளிக்கும் இதே சொற்கள்தாம். அவர் ஏன் சென்றார் என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை.

படகோட்ட வீரர்களையே எடுத்துக்கொள்வோம். கயாக்கில் அமர்ந்து இருமுனைத் துடுப்பு வலிப்பவருக்கும், கனூவில் ஒரு முழங்காலை ஊன்றி ஒற்றைத் துடுப்பு வலிப்பவருக்கும் அலையற்ற நேரான நீர்ப்பாதை வேண்டும். தம்மிலும் வல்ல போட்டியாளர் வேண்டும். அவற்றைத் தேடி ஹங்கேரியின் செகெட்டுக்கும் ஜேர்மனியின் டுயிஸ்பேர்க்குக்கும் போயாக வேண்டும். இந்தப் பயணம் உல்லாசமன்று. அவர்களின் உழைப்பில் ஒரு பகுதி. ஆனால், சாதாரண மக்களுக்கு விசா எட்டாக்கனியாக இருக்கும் நாடுகளில் இதே பயணம் அதிகாரிகள் போடும் பிச்சையாகவும், வீரர் ஆயுட்காலக் கடனாளியாகவும் மாறிவிடுகின்றனர்.

ஈரானின் சயீத் ஃபஸ்லூலா 2014 ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளி வென்ற கயாக் வீரர். 2015இல் உலகப் போட்டிக்காக மிலான் சென்றவர், அங்குள்ள பேராலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். மதம் மாறிவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு அந்த ஒரு படமே போதுமானதாயிற்று. நாட்டைவிட்டு வெளியேறி ஜேர்மனியில் தஞ்சம் புகுந்தார். டோக்கியோவிலும், 2024இல் பரிஸிலும் அகதிகள் அணிக்காகத் துடுப்பு வலித்தார். துரோகம் செய்தவர் யார்? அவரா, அவரை விரட்டிய நாடா?

கியூபாவின் ஃபெர்னாண்டோ தயான் ஹோர்கே 2021இல் டோக்கியோவில் இருவர் கனூ 1000 மீற்றரில் தங்கம் வென்றவர். ஓராண்டுகூட ஆகவில்லை, 2022 மார்ச்சில் மெக்சிக்கோவில் நடந்த பயிற்சி முகாமிலிருந்து விலகி அமெரிக்கா சென்றார். இப்படிச் செல்வோருக்குக் கியூபாவில் வழங்கும் பெயர், படையைவிட்டு ஓடிய சிப்பாயைக் குறிக்கும் சொல். விளையாட்டு வீரர் எப்போது சிப்பாயானார்?

எமது நாட்டுக்கு வருவோம். 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கைக் குழுவினர் சிலர் காணாமற்போனதும், நிர்வாகம் செய்த முதற்காரியம் எஞ்சியோரின் கடவுச்சீட்டுகளை ஒப்படைக்கச் சொன்னதே. அப்படியிருந்தும் பின்னர் மேலும் பலர் சென்றனர். எரிபொருளுக்கு நாட்கணக்கில் மக்கள் வரிசையில் நின்ற ஆண்டு அது. வீட்டில் அடுப்பெரியாதவனின் பயணப் பத்திரத்தைப் பூட்டி வைத்து எதைக் காத்தார்கள்?

"2004இல் ஹேண்ட்போல் அணி என்று சொல்லி 23 பேர் ஜேர்மனி சென்று மறைந்தார்களே, அதற்கென்ன சொல்கிறீர்?" என்று சிலர் கேட்பர். அவர்கள் தேசிய வீரர்களே அல்லர். நேர்வழிக் கதவுகள் அடைபட்டிருந்ததால் மைதானத்தின் கதவைத் தட்டியவர்கள். அந்த மோசடியைக் காட்டி, பல்லாண்டுகள் வியர்வை சிந்தித் தகுதி பெற்றவர்களைச் சந்தேகப்படுவது எந்த நியாயம்?

விலகியவரை விதிகளும் விடுவதில்லை. புதிய நாட்டின் குடியுரிமை பெற்ற பின்னரும், முன்னைய நாட்டுக்காக இறுதியாக ஆடி மூன்று ஆண்டுகள் கழியாமல் ஒலிம்பிக்கில் புதிய கொடியின்கீழ் இறங்க முடியாது. அக்காலத்தைக் குறைக்கவும் பழைய நாட்டின் ஒலிம்பிக் குழுவின் சம்மதம் வேண்டும். கைவிட்டவரிடமே கையேந்தச் சொல்கிறது ஒலிம்பிக் சாசனம்.

அதிகாரிகளுக்கு நான் சொல்வது இதுதான்: கடவுச்சீட்டை உரியவரிடம் கொடுங்கள். ஊதியத்தை நேரத்துக்குக் கொடுங்கள். ஓய்வுபெற்ற பின் ஒரு தொழிலுக்கு வழி செய்யுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் போனால், போகட்டும். அவர் வென்ற பதக்கம் நாட்டின் கணக்கில் இருக்கிறது. அவருடைய கால்கள் நாட்டின் சொத்தல்ல.