கேட்காமல் விட்டோம்

நாட்டு வைத்தியம் என்றால் சுரண்டைப் பக்கத்துப் படித்தவர்களான நமக்கு இரண்டே பேச்சு. ஒன்று, மூடநம்பிக்கை என்று தள்ளுவோம். இல்லையென்றால் பொதிகை மூலிகை, குற்றாலத் தண்ணி, சித்தர் பூமி என்று மேடையில் முழங்குவோம். எப்படிப் பேசினாலும், விவரம் தெரிந்தவர் முன்னால் உட்கார்ந்து கேட்கிற வேலை மிச்சம்.

அக்கி வந்தால் பானை செய்யும் வேளார் வீட்டுக்குப் போனோம். காவிக்கல்லைக் குழைத்து எழுதிவிட்டார். சுளுக்கு வழிக்க இரட்டைப் பிள்ளை பெற்றவளைத் தேடினோம். பிள்ளைக்கு உரம் விழுந்தால் சேலையில் போட்டு உருட்டத் தெரிந்த ஆச்சியைக் கூப்பிட்டோம். என்ன பத்தியம் சொன்னார்கள், யாரிடம் கற்றார்கள், எந்த நோயைத் தொட மறுத்தார்கள் என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

அயர்லாந்துக் கிராமங்களில் இதே அக்கிக்கு, கியோ என்ற குடும்பப்பெயர் உள்ளவரின் ரத்தத்தைத் தடவினார்கள். ஏழாவது மகனுக்கு ஏழாவது மகனாகப் பிறந்தவன் கை பட்டால் நோய் தீரும் என்றும் நம்பினார்கள். நம்பிக்கையில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் 1937 முதல் 1939 வரை அந்நாட்டு நாட்டாரியல் ஆணையம் சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. ஊர் வைத்தியமும் அதில் ஒரு தலைப்பு. அந்த நோட்டுகளை இன்று இணையத்தில் எவரும் படிக்கலாம். நம் ஊரில் வாத்தியார்களும் நாம்தான், பெற்றோரும் நாம்தான். பிள்ளைகளை அப்படி அனுப்ப நமக்குத் தோன்றவில்லை.

சோதித்துப் பார்ப்பதிலும் நாம் நேர்மையாக இல்லை. கீழாநெல்லி மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக வேலை செய்கிறது என்று 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதியதைப் பெருமையாகப் பரப்பினோம். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டோம். அக்கி பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். பெயர் காவிக்குப் போனது. கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் நல்லது, வயதானவர்களுக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம் என்பதை நமக்குத் தெரிந்த பிறகும் வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லவில்லை.

கேட்டு எழுதியிருந்தால் எது மருந்து, எது ஆறுதல், எது ஆபத்து என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். இப்போது வெறும் பெருமையும் கேலியும்தான் கையில் இருக்கின்றன. சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். சொன்னவரின் சம்மதத்தோடு, பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.