புதுவையில் நாம் காணாத சுவர்

கறம்பக்குடியிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து புதுவைக்குச் சென்றோம். செல்லும் வழியில் மரநிழலில் கட்டுச்சோறு அவிழ்த்தோம். வழக்கம்போல் தெருவுக்கொரு பந்தியாகவே அமர்ந்தோம்.

புதுவையில் கடற்கரையையும், நேர்கோடாய் ஓடும் பிரெஞ்சுத் தெருக்களையும், வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த வாய்க்காலையும் கண்டோம். ரோமானிய வாணிபச் சுவடுகள் கிடைத்த அரிக்கமேட்டையும் பார்த்தோம். பின்னர் அமலோற்பவ அன்னையின் பேராலயத்தில் முழந்தாளிட்டோம். புனித பவுலின் பெயர் மருவியே மக்கள் அதனைச் ‘சம்பா கோயில்’ என்கின்றனர். 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்தபோது பழைய ஆலயம் அழிந்தது. இன்றுள்ள ஆலயம் 1791-இல் திருநிலைப்படுத்தப்பட்டது.

அழிந்த அவ்வாலயத்தினுள் ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிறரிடமிருந்து பிரித்த சுவர் அது. அவர்கள் குருவிடம் முறையிட்டதன்பேரில் 1745-இல் அது அகற்றப்பட்டதையும், அதனால் எழுந்த பூசலையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார்.

இதனை அறிந்தபோது நம்மில் பலர் தலைகுனிந்தோம். நம் தமிழகத்தில் இறந்தோரையும் சுவரெழுப்பிப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் உண்டன்றோ!

திரும்பும் வழியில் மீண்டும் சோறு அவிழ்த்தோம். மூதாட்டி ஒருவர் தம் பாயை எடுத்து அடுத்த பந்தியோடு சேர்த்து விரித்தார். எவரும் ஒன்றும் பேசவில்லை. அன்று ஒரே பந்தியில் உண்டோம்.