குழாயில் ஓட்டை, மாத்திரை அடைக்குமா?
காரைக்கால் காலரா சொன்ன பாடம்

2022 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. காரைக்காலில் பொது சுகாதார அவசர நிலை! புதுவை சுகாதாரத் துறையின் அறிவிப்பால் ஊரே பதறியது.

சில நாட்களில் சுமார் 700 பேருக்கு வயிற்றுப்போக்கு. சிலருக்குக் காலரா உறுதியானது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் லீவு. ஓட்டல், கல்யாண மண்டபங்களில் காய்ச்சிய தண்ணிதான் தரணும் என்று உத்தரவு.

அவசர நிலை முடிந்தது. பாடம் முடியவில்லை.

சாக்கடை எப்படிப் புகுந்தது?

குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்தது என்பதே அப்போது எழுந்த புகார். அது எப்படி நடக்கும்?

தண்ணீர் வேகமாக ஓடும்போது ஓட்டை வழியே வெளியேதான் கசியும். மோட்டாரை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கும். அப்போது அதே ஓட்டை பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுக்கும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான்! குடிசைப் பகுதிகளில் குழாயும் சாக்கடையும் ஒட்டியே கிடப்பதால் ஆபத்து அதிகம்.

டாங்கில் குளோரின் போட்டால் மட்டும் போதாது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி.

மாத்திரைக்கு அடங்காத கிருமி

பேதி என்றதும் மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை. நின்னுட்டா மீதி குப்பையில்! அரைகுறை மருந்தில் சாகாத கிருமி சாக்கடைக்குப் போகிறது; அங்கிருந்து குழாய்க்கே திரும்புகிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. டில்லியில் எடுத்த 50 குடிநீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-லும் 'என்.டி.எம்-1' என்ற மரபணு இருந்தது. 2011-ல் இந்த முடிவு வெளியானது. ஆஸ்பத்திரியில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் ஊசி மருந்தையே முறியடிக்கும் சக்தி அதற்கு உண்டு. காலரா கிருமியிலும் அது காணப்பட்டதுதான் அதிர்ச்சி!

என்ன செய்வது?

காலராவில் உயிரைக் குடிப்பது நீரிழப்பு. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து உடனே கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். ஆன்டிபயாடிக் தேவையா என்பதை டாக்டர்தான் சொல்லணும்.

"காய்ச்சிக் குடி" என்பது சரிதான். ஆனால் கேஸ் விற்கிற விலையில் கூலிக்காரர் வீட்டில் குடம் குடமாகக் காய்ச்ச முடியுமா? பழுதான குழாயை மாற்றுவதும், சாக்கடையை அதிலிருந்து விலக்குவதும்தான் நிரந்தர வைத்தியம். அதைச் செய்ய வேண்டியது சர்க்கார்.